கேட்டால் தூண்டிவிட்டதாகாதா?

கேள்வி: ஊரில் 12 பேர் சேர்ந்து தற்கொலைத் தடுப்புக் குழு தொடங்கியிருக்கிறோம். 'சாக நினைக்கிறாயா' என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா? 'ஆமாம்' என்றால் என்ன செய்வது?
– இளைஞர் மன்றத்தினர், கோபி வட்டாரம்

பதில்: ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சுற்றி வளைப்பதுதான் வினை. "தப்பா ஒண்ணும் நெனைக்கலையல்ல?" என்று கேட்டால், "இல்லீங்க" என்ற பதிலையும் நாமே ஊட்டிவிடுகிறோம். டீக்கடை வேண்டாம், களத்து மேட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அரை நிமிஷ மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம்.

"ஆமாம்" என்றால், எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறதென்றால் ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவர் கூடவே இருக்கட்டும். மற்றவர் 14416-ஐ (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்) அழைத்துவிட்டு, வீட்டாரிடம் சொல்லி, சாளையில் கிடக்கும் பூச்சிமருந்தை எடுத்துப் பூட்டட்டும். சாவி வேறு வீட்டில் இருக்க வேண்டும். பரண்மேல் ஒளித்துவைப்பது பூட்டியதாகாது.

ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108, நேரே அரசு மருத்துவமனை. போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்து நேரம் போக்கினால் உயிர் போய்விடும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கிறது. தண்டனைக்கு உரியவராக அல்ல.

ஒரு எச்சரிக்கை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பார்கள். பண்ணாதீர்கள். "உசுருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகோணும். யார்கிட்டச் சொல்றதுங்கறதை வேணும்னா நீயே சொல்லு" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: தற்கொலைக்கு முயன்று, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: விடக் கூடாது. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. ஊரோ அப்போதுதான் "சரியாயிட்டான்" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சென்னை உள்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்றவர்களிடம், வீடு திரும்பும் நேரத்தில் சுமார் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். மொத்தம் 9 முறை, அவ்வளவுதான். அப்படி விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலைச் சாவு தெளிவாகக் குறைந்தது. தேதிகளை நாள்காட்டியில் இன்றே வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு பேர் பெயரை எழுதுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், அவர் பனியன் கம்பெனி நைட் ஷிப்டுக்குப் போகிற வாரம் விட்டுப்போகும். பேச்சும் பெரிதாக வேண்டாம்: "தூக்கம் வருதா, சாப்பிட்டியா, அந்த நெனப்பு திரும்ப வந்துதா?"

கேள்வி: இறந்த நண்பனுக்குப் பஸ் ஸ்டாண்டில் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். ஆளுயரப் படமும் 'வீர வணக்கமும்' அதே வேதனையில் தவிக்கும் இன்னொரு பையனின் கண்ணில் படும். எப்படி இறந்தான் என்பதை ஸ்டேட்டஸிலும் எழுதாதீர்கள். பிளெக்ஸுக்கு வைத்திருந்த பணத்தை அவன் அம்மாவிடம் கொடுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.