வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறுவது புராண அற்புதமா, அறிவியலா?

ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவில், தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தத்தில் சுற்றிலும் உப்புக்கடல், நடுவிலிருக்கும் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம். புராணம் பொய்யா, அறிவியல் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் பொய்யாக்க வேண்டாம். அந்த நீர் யார் தாகத்துக்கு வந்தது என்று புராணம் சொல்கிறது. அங்கே எப்படி நிற்கிறது என்பதற்கு மணலைத்தான் கேட்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை பாம்பன் தீவு மணலில் ஓடாது, நேரே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, கடல்நீர் சுமார் 1.025 கிலோ. இந்த 25 கிராம்தான் எல்லாம்; ஒரு கிலோவில் நாற்பதில் ஒரு பங்கு. இறங்கிய மழைநீர் மணலுக்கடியில் உள்ள உப்புநீர் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர். மிஞ்சியது கரையோரம் கசியும்; வில்லூண்டிக் கிணற்றில் ஊறுவதும் அப்படிக் கசிவதுதான்.

இதே தீவின் முனையில், தனுஷ்கோடியில் ஊற்று தோண்டுவதைப் பாருங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கையால் பறித்த குழியில் முதலில் மணல் கறுத்து ஈரம் காட்டும், பிறகு தண்ணீர் கண் திறக்கும். சிரட்டையால் மேலாக மொண்டு, திரும்ப ஊறும்வரை பொறுக்க வேண்டும். ஆழம் பறித்தால் கரிக்கும்.

"இந்த விஞ்ஞானம் புராணத்திலேயே இருக்கிறது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த 40 அடிக் கணக்கைப் புராணத்தில் தேடுவது, அது சொல்ல வந்ததைக் கேட்காமல் விடுவதுதான். வெறும் அடர்த்தி வித்தியாசம், இதிலென்ன புனிதம் என்பதும் சரியில்லை. உப்புக்கு நடுவே ஒரு கை நல்ல தண்ணீரைத் தீர்த்தம் என்று வணங்கியவர்கள் அதன் அருமை தெரிந்தவர்கள்.

ஆனால் தீர்த்த பூமியில் தண்ணீர் வற்றாது என்று நம்பி போர் போட்டு மோட்டாரை ஓடவிடுவது பெரும் கேடு. அதே கணக்கு திரும்பி அடிக்கும்: நீர்மட்டம் 1 அடி இறங்கினால், உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறும். குழாய்க்கு நேர் கீழே கூம்பாக எழும்பி வரும். ஒருமுறை உப்பேறினால் மோட்டாரை நிறுத்தியதும் சரியாகாது, பல மழைக்காலம் பிடிக்கலாம். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலில்போல் கடல் கரையேறினால் உப்பு மேலிருந்தும் இறங்கும். அதையும் மழைதான் கழுவ வேண்டும்.

ஆகவே கரையோரம் ஆழமில்லாத, அகலமான உறைக்கிணறுகளே ஏற்றவை. ஒரே கிணற்றில் உறிஞ்சாமல், நாலைந்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பைப் பொறுத்தவரை நல்லது. வேறு வழியில்லாதபோது மட்டும் 2000 வரை. கடல்நீரில் இது சுமார் 35,000. மழை முடிந்த கையோடு அளந்தால் நல்லதாகவே தெரியும். வைகாசியில், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளந்து பாருங்கள்.