அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ‘நாட்பட்ட வருகையின்மை’ என்று ஏன் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள்?

கல்வியாண்டின் பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத மாணவர்களின் கணக்கு இது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்குச் சுமார் 180 பள்ளி நாட்கள். அப்படியென்றால் 18 நாள். மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் வீட்டில் பெரிதாகவே படாது.

சரி, தினமும் வருகைப் பதிவு எடுக்கிறார்களே, அது போதாதா? போதாது. அதிலிருந்து பள்ளியின் சராசரிதான் சொல்லப்படுகிறது. 200 பேர் படிக்கும் பள்ளியில் தினமும் 10 பேர் வரவில்லை என்றால் வருகை 95 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குறிப்பிட்ட 40 பேரே மாறி மாறி வராமல் இருந்தால், ஆளுக்கு 45 நாள் படிப்பு போகிறது! ஊர்த் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து, கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் பிள்ளை வாரியாக எண்ண வேண்டும்.

2015 கூட்டாட்சிக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மாநிலங்கள் இந்த விவரத்தை வெளியிடுகின்றன.

பலர் நினைப்பதுபோல இது பள்ளிக்கு மட்டம் போடுபவர்களின் பட்டியல் அல்ல. காய்ச்சலுக்கு முறையாக விடுப்புக் கடிதம் கொடுத்த நாளும் இதில் சேரும்.