விஷமும் பரிசும் ஒரே சொல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கிடங்கில் ஒரு டப்பாவில் மண்டையோட்டுப் படம், அதன் கீழே 'கிஃப்ட்' என்று எழுத்து. கேட்டால், ஜெர்மனில் அதற்கு விஷம் என்று பொருளாம். ஆங்கிலத்தில் பரிசு, இங்கே விஷம். வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒன்றுபோல ஆகிவிட்டனவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தற்செயல் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் மூன்றுக்கும் மூலமான பழைய ஜெர்மானிய மொழியில் 'கொடு' என்று பொருள்படும் வினை. எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் மொழிகள் பிரிந்தன.

ஜெர்மனிலும் ஒரு காலத்தில் அது கொடையைக் குறித்தது. அதை மாற்றியது மருத்துவம். கிரேக்கர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தளவை 'டோசிஸ்' என்றார்கள். 'கொடுத்தல்' என்று பொருள். நாம் சொல்லும் டோஸ் அதுதான். லத்தீன் வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு நேராக ஜெர்மானியர் 'கிஃப்ட்' என்று வைத்துக்கொண்டார்கள். முதலில் கொடுக்கும் மருந்து, அப்புறம் கொல்லக் கொடுக்கும் மருந்து. விஷம் என்று நேராகச் சொல்ல வாய் கூசும்போது இப்படித்தான் நடக்கும். நம் ஊரில் 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்று யாராவது ஓடிவந்து சொன்னால் வயிறு கலங்குகிறதே, அதே வழிதான். பழைய பொருளும் ஜெர்மனில் முழுக்கச் செத்துவிடவில்லை. வரதட்சணைக்கு அங்கே 'மிட்கிஃப்ட்' என்று பெயர், பெண்ணோடு சேர்த்துக் கொடுப்பது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடிஷ். அங்கே இதே சொல் பெயர்ச்சொல்லாக வந்தால் விஷம், பெயரடையாக வந்தால் 'திருமணமான'. கல்யாணமும் விஷமும் ஒன்று என்று இதை வைத்துக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விஷம் என்ற பொருள் ஜெர்மன் பக்கமிருந்து வந்து ஒட்டியது. திருமணப் பொருளோ, பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கொடுப்பதில் பிறந்தது.

ஆங்கிலத்திலும் இது முதலில் கல்யாணச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசம், பன்மையில் திருமணம். அப்போது அதை 'யிஃப்ட்' என்றுதான் உச்சரித்தார்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய பிறகு, அவர்களுடைய நோர்ஸ் மொழியின் 'கி' வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் நோர்ஸின் வழிவந்த ஸ்வீடிஷ், பின்னாளில் அந்த 'கி'யை இழந்து, இன்று 'யிஃப்ட்' என்கிறது!

சரி, சக ஊழியருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் 'கெஷெங்க்' என்று சொல்லுங்கள். ஜெர்மனில் பரிசுக்கு அதுதான் சொல். அதன் வேருக்குக் குடிக்க ஊற்றிக் கொடுப்பது என்று பொருள். ஆங்கிலமும் பிரெஞ்சும் விஷத்துக்கு வைத்திருக்கும் 'பாய்சன்' என்ற சொல்லோ, பானம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.