கையெழுத்துச் சாயல் கொண்ட எழுத்துருக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மழலையர் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ் முழுவதையும் கையால் வரைந்தது போன்ற ஓர் எழுத்துருவில் அமைத்தோம். தலைப்பு அழகாக வந்தது. ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பெற்றோர் சிரமப்பட்டே படித்தார்கள். காரணம் என்ன?
– ஆசிரியை, கும்பகோணம்

பதில்: இவ்வகை எழுத்துருக்கள் தலைப்புக்கென்றே வரையப்படுபவை. ஓர் எழுத்து சற்றே சாய்ந்தும் அடுத்தது நிமிர்ந்தும் நிற்பதும், கோடு ஓரிடத்தில் தடித்தும் வேறிடத்தில் மெலிந்தும் ஓடுவதுமே அவற்றின் உயிர். 40 பாயிண்ட் அளவில் கண்ணுக்கு விருந்தாகும் அந்த ஏற்ற இறக்கம், 11 பாயிண்ட் அளவில் படிக்கும் ஓட்டத்தைச் சொல்லுக்குச் சொல் தடுக்கிறது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைபட்டுவிடும், புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தோன்றும். விழாவின் பெயரை மட்டும் அந்த எழுத்துருவில் வைத்துக்கொண்டு, நாள், நேரம், இடம், நிரல் ஆகியவற்றை எளிய எழுத்துருவில் அமையுங்கள்.

கேள்வி: காமிக் சேன்ஸ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் என் தமிழ் வரிகள் மட்டும் மாறுவதில்லையே? அதைப் பலரும் இகழ்வதும் ஏன்?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: காமிக் சேன்ஸில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதனால் கணினி, தன்னிடமுள்ள லதா, நிர்மலா போன்ற வேறொரு தமிழ் எழுத்துருவைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

இகழ்ச்சியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1994இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கொனேர், 'மைக்ரோசாஃப்ட் பாப்' என்னும் மென்பொருளின் முன்னோட்டத்தில் ஒரு கேலிச்சித்திர நாயின் பேச்சு டைம்ஸ் நியூ ரோமனில் அமைந்திருப்பதைக் கண்டு, அது பொருந்தவில்லை என்று எண்ணினார். சித்திரக்கதைகளின் பேச்சுக்குமிழிகளில் கையால் எழுதப்படும் எழுத்துகளைப் பார்த்து இதை வரைந்தார். அந்த மென்பொருளில் இது இடம்பெறவில்லை என்றாலும், விண்டோஸ் 95 வழியாக உலகெங்கும் பரவி, எச்சரிக்கைப் பலகை, அலுவலகச் சுற்றறிக்கை என்று எல்லா இடங்களிலும் ஏறிவிட்டது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் பற்றிய முடிவுகளை செர்ன் என்னும் இயற்பியல் ஆய்வகத்தில் அறிவித்தபோது ஒரு குழுவின் காட்சிப்படங்கள் இதே எழுத்துருவில் இருந்தது பெரிதாகப் பேசப்பட்டது. என் கருத்தில், தான் பிறந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது. குழந்தைகளிடம் பேசுவதற்கான குரலை மரண அறிவிப்புக்கும் கொடுத்தவர்கள் மீதுதான் குறை சொல்ல வேண்டும்.

கேள்வி: சிறுவர் நூல் ஒன்றின் அட்டைக்குக் கவிவாணர், பலூ தம்பி ஆகிய இரண்டு எழுத்துருக்களில் எது பொருந்தும்?
– பதிப்பாளர், சென்னை

பதில்: இரண்டின் குணமும் வேறு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், பேனா பிடித்துச் சாய்வாக எழுதிய கையெழுத்தின் நடையைக் கொண்டது. கடிதம், நாட்குறிப்பு, கவிதை சார்ந்த நூலுக்கு இசைவாக இருக்கும். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பலூ தம்பி, முனைகள் உருண்ட, கனமான, கலகலப்பான எழுத்து. விலங்குக் கதைக்கும், தொலைவிலிருந்து கண்ணில் பட வேண்டிய அட்டைக்கும் இதையே நான் எடுப்பேன். கவிவாணருக்கு ஒரே தடிமன்தான் உண்டு. அதைத் தடிப்பாக்க மென்பொருளின் பொத்தானை அழுத்தினால் கோடு செயற்கையாகப் பருத்துச் சுழிகள் அடைபடும். ஆகவே அளவைக் கூட்டுங்கள், தடிமனைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் சொந்தக் கையெழுத்தையே எழுத்துருவாக்க விரும்புகிறேன். 247 எழுத்துகளையும் வரைய வேண்டுமா?
– ஓவியர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. உயிர், அகர வரிசை, ஆய்தம், கிரந்த எழுத்துகள், துணைக்கால், கொம்பு முதலிய குறிகள் இருந்தால் பெரும்பாலானவை அவற்றைச் சேர்த்தே அமைந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அந்த 36 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டும். டி, டீ ஆகியவற்றுக்கும் தனிக் கவனம் தேவை.

நான் மிகவும் வலியுறுத்துவது ரகரத்தை. வேகமாக எழுதும்போது நம்மில் பலர் அதன் அடிக்கோட்டை விட்டுவிடுகிறோம். வாக்கியத்தின் போக்கை வைத்து அதைப் படித்துக்கொள்கிறோம். இரண்டு சொற்களே உள்ள தலைப்பில் அந்தத் துணை கிடைக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிவிடும். குறும்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த அடிக்கோட்டை மட்டும் தெளிவாக இழுங்கள். அத்துடன், அடிக்கடி வரும் க, த, ம ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களாவது வரைந்து, அவை மாறி மாறி வருமாறு ஓப்பன் டைப் விதிகளில், அதாவது எந்த வடிவம் எங்கே வர வேண்டும் என்று எழுத்துருக் கோப்பிலேயே எழுதிவைக்கும் விதிகளில், அமைக்கலாம். 'அம்மம்மா' என்னும் சொல்லில் எல்லா மகரமும் அச்சு மாறாமல் நின்றால், கையால் எழுதியது என்ற உணர்வு அங்கேயே போய்விடும்.

கேள்வி: கூகுள் எழுத்துருத் தொகுப்பிலிருந்து எடுத்தவற்றைக் கடைப் பலகைக்கும் விற்பனைப் பொருளுக்கும் பயன்படுத்தலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: கவிவாணர், பலூ தம்பி ஆகிய இரண்டும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை, பலகை, பை, பட்டாசுப் பெட்டி எதிலும் கட்டணமின்றி அச்சிடலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்பதற்கு அந்த உரிமம் இடம் தருவதில்லை.