போனிடம் வைத்தியம் கேட்கலாமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, எழுதப் படிக்கத் தெரியாது, சர்க்கரை இருக்கிறது. போனில் மைக்கை அழுத்தி ஏஐயிடம் தமிழிலேயே சந்தேகம் கேட்கிறார். நம்பலாமா? (மேலூர் வாசகி)

பதில்: கேட்கட்டும். டாக்டர் முன்னால் வாய் திறக்காதவர்கள்கூட அதனிடம் தாராளமாகப் பேசுகிறார்கள். ஆனால் நர்சம்மா முகத்தைப் பார்த்தே "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிடுவார். போனுக்கு நாம் சொன்னது மட்டும்தான் தெரியும். "காலையிலேர்ந்து கிறுகிறுன்னு வருது" என்று நிறுத்திக்கொண்டால், தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லிவிடலாம். மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் நூறு நாள் வேலைக்குப் போனதை யார் சொல்வது? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது சர்க்கரை இறங்கிய மயக்கமாக இருக்கலாம். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் போனைக் கீழே வைத்துவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

எதைக் கேட்டாலும் "எனக்கு 62 வயசு, சர்க்கரை இருக்கு, இன்ன மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஆரம்பிக்கப் பழக்குங்கள்.

கேள்வி: மருமகளுக்கு ஏழாம் மாசம். முகம் வீங்கி, ரெண்டு நாளாகத் தலைவலி. ஓய்வு எடுத்தால் போதும் என்கிறது போன். (உசிலம்பட்டி வாசகி)

பதில்: இவருக்குக் கேள்வி வந்த அன்றே தகவல் சொல்லிவிட்டோம், இது மற்றவர்களுக்காக. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும், சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே ஆபத்துக் கணக்குதான். விட்டால் வலிப்பில் போய் முடியலாம். கண் மங்கினாலோ மேல்வயிறு வலித்தாலோ நேராக 108.

கேள்வி: மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துக் காட்டினால் படித்துச் சொல்கிறதே? (அலங்காநல்லூர்)

பதில்: பெயரும் காலாவதித் தேதியும் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை வேளை, எவ்வளவு என்பதை அதனிடம் கேட்காதீர்கள். அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை கிழிக்காமல் வையுங்கள். பாதி எழுத்தைப் பார்த்து அதுவாக ஒரு பெயரைச் சொல்லிவிடும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருபவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: வெள்ளைப்படுகிறது. வீட்டில் சொல்லக் கூச்சம். மகன் போனில் கேட்டால் யாருக்கும் தெரியாதுதானே? (பெயர் வேண்டாம்)

பதில்: தெரியும் தாயி. நீங்கள் பேசியது பெரும்பாலும் அப்படியே எழுத்தாகப் பதிந்து போனிலேயே கிடக்கும். படிக்கத் தெரியாததால் உங்கள் கண்ணுக்கு அது படாது. மகன் திறந்தால் படித்துவிடுவார். அழிக்க வேண்டுமானால் நம்பிக்கையான பெண் யாரிடமாவது கேளுங்கள்.

அரிப்பு, வாடை, அடிவயிற்று வலி இருந்தால் நர்சம்மாவைப் பாருங்கள், பெரும்பாலும் மருந்தில் சரியாகிவிடும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

கேள்வி: என்னிடம் பட்டன் போன்தான். (திருமங்கலம்)

பதில்: அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழுத்துங்கள். ஆளே பேசுவார், தமிழில்.