எலி விழுங்கும் கோழி, மிளகாய் கடிக்கும் கிளி: இது நோயா?

கேள்வி: வீட்டின் பின்புறம் 15 கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறேன். காலையும் மாலையும் மக்காச்சோளமும் தவிடும் போடுவேன், மற்றபடி மேய்ந்துகொள்ளும். கொஞ்ச நாளாக அவை தின்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு பெட்டை, எலிக்குஞ்சை அடித்து அப்படியே விழுங்கியது. இரண்டு கோழிகள் முட்டையை உடைத்துக் குடிக்கின்றன. சுவரில் உள்ள சுண்ணாம்பைக் கொத்துகின்றன. தெர்மாகோல் துண்டு கிடைத்தால் அடித்துக்கொண்டு தின்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் கிளியோ சூரியகாந்தி விதையையும் மிளகாயையும் தவிர எதையும் தொடுவதில்லை. இது நோயா, கெட்ட பழக்கமா? இந்த முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: எலியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். கோழி தானியம் தின்னும் பறவை என்று நாமாகத்தான் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் விதை, பழத்தோடு கரையான், எறும்பு, புழு என்று எல்லாவற்றையும் கிளறித் தின்று வாழ்வது. வீட்டுக்கோழிக்கும் அதே வயிறுதான். பல்லி, சின்னத் தவளை, எலிக்குஞ்சு என்று அலகுக்குள் அடங்குவது எதையும் விடாது. ஒரு கோழி எதையோ கவ்விக்கொண்டு ஓடும். அது என்னவென்றே பார்க்காமல் மற்றவை பின்னால் துரத்தும். இதில் நோயும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை.

எலியைவிட எலி மருந்துதான் ஆபத்து. இரத்தம் உறையவிடாமல் கொல்லும் மருந்தைத் தின்ற எலி, சாகச் சில நாள் ஆகும். அதற்குள் தடுமாறி வெளியே வரும், கோழியிடம் சுலபமாக மாட்டும். எலியின் உடம்பில் இருக்கும் மருந்து கோழிக்கும் போய்விடும். கோழி திரியும் இடத்தில் எலிப்பொறி வையுங்கள், மருந்து வேண்டாம். செத்து அழுகிய பிராணி எதுவும் அங்கே கிடக்கவும் கூடாது. அதில் நெளியும் புழுக்களைக் கோழி ஆசையாகப் பொறுக்கும். அழுகல் சதையில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு அந்தப் புழுக்களில் சேர்ந்திருக்கும். அதைத் தின்ற கோழிக்குக் கால் தள்ளாடி, கழுத்து துவண்டு தரையில் கிடந்துவிடும். புழுவுக்கு அந்த நஞ்சால் ஒன்றும் ஆவதில்லை என்பதால் அது உயிரோடு துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பார்த்தால் நல்ல இரை போலவே தெரியும்.

சரி, முட்டைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். சுவரைக் கொத்துவதும் முட்டையைக் குடிப்பதும் பெரும்பாலும் ஒரே குறையிலிருந்து கிளம்புபவை. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்பதால், முட்டையிடும் பெட்டைக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. நீங்கள் போடும் மக்காச்சோளத்தில் 100 கிராமுக்கு 0.05 கிராம்கூட இருக்காது. தவிட்டிலும் மிகக் குறைவு. மேய்ச்சலில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது. அப்புறம் கோழி என்ன செய்யும்? தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் குறையும்போது ஓடு மெலியும், தோல் முட்டை விழும். மெல்லிய ஓடு கூட்டிலேயே மிதிபட்டு உடையும். உடைந்ததில் ஒரு முறை ருசி கண்டுவிட்டால் நல்ல முட்டையையும் கொத்திப் பார்க்கும். ஒன்று செய்வதைப் பார்த்து மற்றவையும் கற்றுக்கொள்ளும் என்பதுதான் இதில் தொல்லை.

ஆகவே இன்றே ஒரு தனிப் பாத்திரத்தில் கிளிஞ்சல் வையுங்கள். மாவாக வேண்டாம், குருணையாக இருக்கட்டும். முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, கோழி இரை எடுக்காமல் தூங்கும் இரவில் நடக்கிறது. பெரிய துண்டுகள் வயிற்றில் தங்கி மெதுவாகக் கரைந்து இரவு முழுவதும் கால்சியம் கொடுக்கும். மாவு சீக்கிரமே கடந்து போய்விடும். இரண்டு நாள் மாலையில் பாத்திரத்தின் பக்கம் நின்று பாருங்கள். முட்டையிடும் பெட்டைகள்தான் அதிகம் வரும், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். தனக்கு எப்போது, எவ்வளவு வேண்டும் என்று அவை நன்றாகவே கணக்குப் பார்க்கும். சேவல் நாலு கொத்து கொத்திவிட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் கிளிஞ்சலை எல்லாருக்குமான தீவனத்தில் கலக்க வேண்டாம் என்கிறேன். குஞ்சுகள் அதிகக் கால்சியம் தின்றால் அவற்றின் சிறுநீரகம் கெடும்.

புரதமும் உங்கள் கோழிகளுக்குக் குறைவுதான். மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதம் இருக்கும். முட்டைக்கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். பாதிக்கு மேல் முட்டைக்கோழித் தீவனமாக மாற்றிப் பாருங்கள். கீழே விழுந்த இறகை அவை விழுங்குகின்றனவா என்றும் கவனியுங்கள். விழுங்கினால் புரதக் குறைக்கு அது இன்னொரு அடையாளம்.

தீவனத்தைச் சரிசெய்தாலும் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒரே நாளில் போகாது. முட்டையிடும் பெட்டியை ஓரமாக, இருட்டான இடத்தில் வைத்து அடியில் வைக்கோல் தடிமனாகப் போடுங்கள். 4, 5 கோழிக்கு ஒரு பெட்டி வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை முட்டையை எடுத்துவிடுங்கள். மர முட்டை ஒன்றைப் போட்டு வைத்தால் கொத்திக் கொத்தி அலுத்துப்போகும். எந்தக் கோழி குடிக்கிறது என்று தெரிய அலகைப் பாருங்கள், மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கும். எவ்வளவு செய்தும் திருந்தாத கோழியைப் பிரித்துவிடுவதுதான் நல்லது. உடைந்த முட்டை ஓட்டைக் கோழிக்கே போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள், அவ்வளவுதான்.

முட்டைக்குள் மிளகாய்த்தூளை நிரப்பி வைத்தால் கோழி திருந்திவிடும் என்று யாராவது சொல்வார்கள். வீண் வேலை. காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள், நம் வாயில் சூட்டையும் எரிச்சலையும் உணரும் ஒரு ஏற்பியைத் தூண்டுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஏற்பியைக் கண்டறிந்ததில்தான். பறவைகளுக்கும் அந்த ஏற்பி உண்டு, ஆனால் கேப்சைசின் அதை அசைப்பதில்லை. கோழி மிளகாய்த்தூளோடு சேர்த்தே முட்டையைக் குடித்துவிட்டுப் போகும். உங்கள் கிளியின் வீரமும் இதுதான். அதற்கு மிளகாய் வெறும் காய், உள்ளே மெல்லுவதற்கு நிறைய விதை. மிளகாய்ச் செடிக்கும் இதில் லாபம் உண்டு: விதையை மெல்லும் எலி போன்றவற்றைக் காரம் விரட்டுகிறது, விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைகளைத் தடுப்பதில்லை. உங்கள் கிளி அந்த விதையை உரித்து மென்றுவிடுகிறது, செடியின் கணக்கு அதனிடம் மட்டும் பலிக்காது.

தெர்மாகோல் விஷயத்தில் கோழிக்கு எந்த ஞானமும் கிடையாது. வெள்ளையாக, குருணை போல, கொத்தினால் நறுக்கென்று உடைவதாக இருப்பதே போதும், தின்னும். நமக்கு நாக்கில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோழிக்குச் சில நூறுதான். இனிப்பை உணரும் மரபணு ஒன்று அதற்கு இல்லவே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கும். கொஞ்சம் தின்றிருந்தால் எச்சத்தோடு வெளியேறிவிடும். நிறையத் தின்றால் வயிற்றில் இடம் அடைத்து இரை எடுக்காமல் போகும், குடலும் அடைபடலாம். கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

ஆணி, கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு ஆகியவற்றின் கதை இன்னும் மோசம். பல் இல்லாத கோழி, சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துத்தான் இரையை அரைக்கிறது. அதனால் பளபளக்கும் சிறு பொருளைப் பார்த்தால் கல் என்று எடுத்துக்கொள்ளும். அரைவைப்பை பலமான தசை. உள்ளே கூர்மையான கம்பி இருந்தால் அது அழுத்தும் அழுத்தில் சுவரையே துளைத்துவிடும். கூண்டு கட்டும் வேலை, கூரை வேலை எது நடந்தாலும் முடிந்த பிறகு ஒரு காந்தத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஒரு சுற்று நடங்கள்.

அப்படியே, விழுங்கிய இரை முதலில் தங்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். காலையில் இரை போடுவதற்கு முன்பு, கோழியை அக்குளில் அணைத்துப் பிடித்து, கழுத்தின் அடியில் அதன் வலப்பக்கம் நெஞ்சோடு விரலால் தடவுங்கள். இரவில் எல்லாம் இறங்கிவிடுவதால் தட்டையாக இருக்க வேண்டும். கையில் கெட்டியான உருண்டை சிக்கினால் நீளப்புல், நூல், சணல் ஏதோ சுருண்டு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்ப்பை போலத் தளதளவென்று இருந்து அலகில் புளிச்ச வாடை அடித்தால் உள்ளே நொதித்திருக்கிறது. இரண்டுக்குமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும்.

இனி, குழந்தைகளுக்கு முட்டை. எலி தின்ற கோழியின் முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம், தடையில்லை. எலி மருந்து வைத்திருந்த இடத்தில் எலியைத் தின்றிருந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். நான் யோசிப்பது சுவரைப் பற்றி. வெறும் சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர் என்றால் கோழி தின்பது ஏறக்குறைய கிளிஞ்சலில் இருக்கும் அதே பொருள்தான். பழைய பெயின்ட் உரியும் சுவர் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் கோழியின் உடம்பில் சேர்ந்து முட்டைக்கும் வரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கோழி வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அப்படிப்பட்ட சுவர் என்றால் கோழிகளை அங்கிருந்து தடுத்துவிட்டு, முட்டையைச் சோதித்துப் பார்க்கும்வரை குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கால்சியத்தைத் தேடிப் போகத் தெரிந்த கோழிக்கு ஈயத்தை ஒதுக்கத் தெரியாது.

கிளிக்கு வருவோம். அது தின்பதிலேயே உருப்படியானது மிளகாய்தான். பழுத்த மிளகாயில் உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் நிறமிகள் நிறைய இருக்கின்றன. சூரியகாந்தி விதையில் அது கிட்டத்தட்ட இல்லை. விதைப் பருப்பில் பாதி கொழுப்பு. கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் கிளி வருடக்கணக்கில் அதையே தின்றால் ஈரலில் கொழுப்பு சேரும், மூக்கும் வாயும் அடிக்கடி சீழ் பிடிக்கும். கோழிக்கு வைப்பது போலக் கல் வைக்க வேண்டியதில்லை. கிளி விதையை உரித்துத் தின்பதால் அதற்கு அந்தத் தேவை கிடையாது. புறா முழுசாக விழுங்கும், அதற்குத்தான் கல் வேண்டும். கால்சியத்துக்கு ஒரு கடல்நுரைத் துண்டை, அதாவது கணவாயின் உள்ளோட்டை, கூண்டில் மாட்டிவிடுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, உப்பு அதிகமுள்ள தின்பண்டங்கள் ஒன்றும் கூடாது. வெண்ணெய்ப்பழம் இதயத்தைத் தாக்கும், சின்னப் பறவைக்குக் கொஞ்சமே போதும். துத்தநாகம் பூசிய கம்பிக் கூண்டாக இருந்து அதைக் கடிக்கிறதென்றால் கூண்டை மாற்றுங்கள்.

உணவை மாற்றுவதற்குப் பட்டினி போடாதீர்கள். காலையில் பசி அதிகம் இருக்கும் நேரத்தில் முதலில் துருவிய கேரட், கீரை, மிளகாயோடு கலந்த மஞ்சள் பூசணி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விதை. அதன் எதிரிலேயே நீங்களும் அதைத் தின்று காட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவை, மற்றவர் தின்பதைத்தான் நம்பும். விதையை வாரா வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். சமையலறைத் தராசில் தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். கூண்டில் உமி நிறையக் கிடப்பதால் தின்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் பழைய விதைக்கே திரும்பிவிட்டுப் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.