இருவருக்கும் நடுவில் நிற்பது எது? காதல் நாவல்களும் ஃபேண்டஸி நாவல்களும்: கேள்வி பதில்

சமீபத்தில் படித்த காதல், ஃபேண்டஸி நாவல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை எங்கும் உடைக்கவில்லை. ஒரே ஒரு பதிலில் மட்டும் கதைப்போக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் முன்னாலேயே எச்சரித்துவிடுகிறேன்.

அக்கா, காதல் நாவல் என்றாலே கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். அது தெரிந்த பிறகு படிப்பதில் என்ன சுவாரசியம்?

சேர்வார்களா, மாட்டார்களா என்பது காதல் நாவலின் கேள்வியே இல்லை. கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் இந்த வகைக்குச் சொன்ன இலக்கணம் இவ்வளவுதான். முடிவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கதையே ஆரம்பிக்கிறது. அதனால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இந்த இருவரையும் சேரவிடாமல் தடுப்பது எது? அந்தத் தடை நிஜமாக இருந்தால் முடிவு தெரிந்திருந்தும் மனசு பதறும்.

எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். நோரா எழுத்தாளர்களின் முகவர், சார்லி பதிப்பாசிரியர். இருவருக்கும் வேலைதான் உயிர், இருவருக்கும் நியூயார்க்தான் ஊர். ஆனால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால், குடும்பத்தின் புத்தகக் கடையைக் கவனிக்க சார்லி ஒரு சின்ன ஊருக்குத் திரும்பியிருக்கிறான். நோராவோ அம்மா போன பிறகு தங்கையைத் தாங்கியே பழகியவள், தன் ஆசை என்ன என்று யோசிக்கவே நேரம் ஒதுக்காதவள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, வில்லன் என்று யாரும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் கடமையை மதிக்கிறார்கள், அதனாலேயே சேர முடியவில்லை. இப்படிப்பட்ட தடையை எந்தக் கடிதமும் எந்த மன்னிப்பும் தீர்த்துவிடாது.

வழக்கமான கதைகளில் நாயகன் சின்ன ஊருக்குப் போய் அங்கே ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, நகரத்தில் இருக்கும் காதலியைக் கழற்றிவிடுவான். அப்படிக் கழற்றிவிடப்படும் பெண்ணையே இங்கே நாயகி ஆக்கியிருக்கிறார் ஹென்றி. வேலையை நேசிப்பதற்காக நோராவைக் கதை தண்டிக்கவில்லை, திருத்தவும் பார்க்கவில்லை. இதற்காகவே இந்த நாவலைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

முக்கால்வாசிப் புத்தகம் வந்ததும் ஒரு சண்டை, ஒரு பிரிவு, அப்புறம் ஓடிப்போய் மன்னிப்பு. எல்லோரும் ஏன் இதையே எழுதுகிறார்கள்? எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த இடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகளைப் பட்டியலிட்டார். இனி இவர்கள் சேரவே முடியாது என்று தோன்றும் கட்டம் அதில் ஒன்று. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் முடிவுக்குக் கனம் வராது. அங்கே கொண்டுவந்து செருகப்படும் காரணம்தான் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பாதி காதில் விழுந்த ஒரு பேச்சு, தற்செயலாகப் பார்த்த ஒரு குறுஞ்செய்தி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகும் விஷயம்.

சின்னக் காரணத்துக்குக் கோபப்படக் கூடாது என்பதல்ல. திருக்குறள் முடிவதே ஊடலுவகை என்ற அதிகாரத்தில்தான். அதற்கு முந்தைய அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. அவன் தும்முகிறான். அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, யார் நினைத்துத் தும்மினீர்கள் என்று கேட்டு அழுகிறாள். காரணம் ஒரு தும்மல்தான், ஆனால் அவளுடைய காதலின் அளவு முழுவதும் அதில் தெரிந்துவிடுகிறது. சண்டை ஆளைக் காட்ட வேண்டும். ஆளைக் காட்டாத சண்டை பக்கத்தை நிரப்பத்தான் உதவும்.

ஹென்றியே 'ஹேப்பி ப்ளேஸ்' (2023) நாவலில் இந்தப் பிரிவைக் கதைக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டார். ஹாரியட்டும் வின்னும் ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள், நண்பர்களிடம் சொல்லவில்லை, வருடாவருடம் சேரும் விடுமுறையில் இன்னும் ஜோடி போலவே நடிக்கிறார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. பிரிவே பிடிக்காதவர்கள் இதைப் படித்துப் பாருங்கள்.

'ஃபோர்த் விங்' இவ்வளவு கொண்டாட்டத்துக்குத் தகுதியானதா மேடம்?

முதல் புத்தகம் தகுதியானதுதான். ரெபெக்கா யாரோஸ் 2023இல் எழுதியது. டிராகன் வீரர்களைப் பயிற்றுவிக்கும் போர்க் கல்லூரி, அங்கே வேண்டாவெறுப்பாக வந்து சேரும் வயலெட். நூலகத்தில் எழுத்தராக வாழ நினைத்தவளைப் படைத்தளபதியான அம்மாவே வீரர்கள் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறாள். கல்லூரிக்குள் நுழைவதற்கே மழையில் ஒரு குறுகிய கல்மதிலைக் கடந்தாக வேண்டும், சறுக்கினால் சாவு. வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் காலணி அடிப்பாகம் வழவழவென்று இருப்பதை வயலெட் கவனிக்கிறாள். தன் பிடிமானமுள்ள காலணிகளில் ஒன்றைக் கழற்றி அவளுடையதோடு மாற்றிக்கொள்கிறாள். இருவருக்கும் ஒரு கால் பத்திரம், ஒரு கால் ஆபத்து. வயலெட் எப்படிப்பட்டவள் என்று பத்துப் பக்கம் விளக்க வேண்டிய வேலையை அந்த ஒரு காலணி முடித்துவிடுகிறது.

காதலின் தடையும் நன்றாகவே அமைந்திருக்கிறது. வயலெட் காதலிக்கும் ஸேடனின் அப்பா கிளர்ச்சித் தலைவர், அவருடைய மரணத்தில் வயலெட்டின் அம்மாவுக்குப் பங்கு உண்டு. அவர்களைப் பிரிப்பது அந்த வரலாறு. ஆனால் இருவருடைய டிராகன்களும் இணை என்பதால் ஒருவரைவிட்டு ஒருவர் தூரமாகப் போகவும் முடியாது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில்தான் எனக்குச் சலிப்புத் தட்டியது. அவன் மறைப்பான், அவள் கேட்பாள், கேட்டால்தான் சொல்வேன் என்பான், இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. 2025 ஜனவரியில் வந்த மூன்றாம் பாகத்தை, இரண்டாவது உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் தொடருங்கள்.

ஃபேண்டஸி காதல் என்று வாங்கினால் மந்திரம் வெறும் அலங்காரமாகத்தான் இருக்கிறது. இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்த நாவல் ஒன்று சொல்லுங்கள்.

நயோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018). இந்த நாவலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

மிரியம் வட்டிக்குக் கொடுக்கும் ஒரு யூதக் குடும்பத்தின் மகள். அப்பாவுக்குக் கொடுக்கத் தெரியும், திருப்பிக் கேட்கத் தெரியாது. அம்மா நோயில் படுத்ததும் மிரியமே கணக்கேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். வசூல் செய்யச் செய்ய அவள் மனம் இறுகிப்போவதை நோவிக் பூசி மெழுகாமல் எழுதுகிறார். வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று அவள் பெருமையாகச் சொன்ன ஒரு வார்த்தை பனி தேசத்து அரசன் காதில் விழுகிறது. வீட்டு வாசலில் ஒரு பையில் வெள்ளிக் காசு வந்து கிடக்கிறது. அவள் அதை நகையாகச் செய்வித்து, விற்று, தங்கமாகத் திருப்பித் தருகிறாள். மூன்று முறை இப்படி நடந்த பிறகு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்த அரசன் அவளை மணந்து கூட்டிப்போகிறான். இருவருக்கும் அதில் துளியும் விருப்பமில்லை.

அந்தப் பனி மக்களிடம் நன்றி சொல்லும் வழக்கமே கிடையாது. வாங்கினால் சமமாகத் திருப்பித் தர வேண்டும், வெறும் வார்த்தை கடனை அடைக்காது. ஒவ்வோர் இரவும் தன் கேள்விகளுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும் என்று மிரியம் பேரம் பேசி வாங்குகிறாள். கணக்கு, கடன், பேரம் இவைதான் அந்த உலகத்தின் மந்திரம். அவர்களுடைய உறவு வளர்வதும் அதே கணக்கின் வழியாகத்தான். அவனுடைய குளிர் அவளுடைய மக்களைச் சாகடிக்கிறது என்பதால், ஒரு பார்வையிலோ ஒரு முத்தத்திலோ தடை கரைந்துவிடாது. மந்திரத்தை எடுத்துவிட்டால் இங்கே காதலும் இல்லை. நீங்கள் தேடுவது இதைத்தான்.

ஒன்று மட்டும்: பலர் மாறி மாறி 'நான்' என்றே கதை சொல்கிறார்கள், பேசுவது யார் என்று தலைப்பில் போடவில்லை. முதலில் குழப்பும். நூறு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கொடுமை செய்கிறவனையே நாயகனாகக் காட்டுகிறார்களே, உங்களுக்கு உறுத்தவில்லையா?

சில இடங்களில் உறுத்துகிறது. (சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' வரிசையின் முதல் இரண்டு பாகங்களைப் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) 2015இல் வந்த முதல் பாகத்தில் டாம்லின்தான் நாயகி ஃபேராவின் காதலன். இரண்டாம் பாகத்தில் அதே டாம்லின், பாதுகாப்பு என்ற பெயரில் ஃபேராவை மாளிகைக்குள் வைத்து மந்திரத்தால் அடைக்கிறான். வெளியே போக முடியாமல் அவள் மூச்சுத் திணறும் காட்சி அந்த வரிசையிலேயே சிறந்தது. நல்லவன் என்று நாம் நம்பியவன் எப்படிச் சிறைக்காவலன் ஆகிறான் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டாம் பாகத்தின் நாயகனான ரைஸாண்ட் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறான், முடிவை அவளிடமே விடுகிறான்.

ஆனால் முதல் பாகத்தில் அதே ரைஸாண்ட் அவளுக்குப் போதையூட்டி ஆடவிட்டதை எல்லாம் நடிப்பு என்று பிறகு விளக்குவதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. காரணம் நல்லதாக இருக்கலாம், அனுபவித்தவள் அவள்தானே. மன்னிப்பை வாசகருக்கு விளக்கமாகக் கொடுத்தால் போதாது, அவள் கண்ணெதிரே அவன் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

போர், ரத்தம், அரசியல் எதுவும் வேண்டாம். படித்தால் மனசு லேசாக வேண்டும்.

டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022). வாள் சுழற்றிக் களைத்துப்போன ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்துப் பெண் விவ், காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக் கடை வைக்கிறாள். கதையே கடை வைப்பதுதான். காதல் மிக மெதுவாக, வேலைக்கு நடுவில் முளைக்கிறது. பால்ட்ரீ ஒலிப்புத்தகங்கள் வாசிப்பவர் என்பதால் கேட்டு ரசிக்கவும் ஏற்றது.

கொஞ்சம் மூளைக்கும் வேலை வேண்டுமென்றால் ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்' வரிசை. மனிதர்களோடு பழகத் தெரியாத ஒரு பேராசிரியை, 1909ஆம் ஆண்டில் தொடங்கி, தேவதைகளை ஆராய்ந்து எழுதும் நாட்குறிப்பு. அடிக்குறிப்புகளைத் தாண்டிப்போகாதீர்கள்.

படுக்கையறைக் காட்சிகள் தேவைதானா?

காட்சி முடிந்ததும் இருவருக்குள் ஏதாவது மாறியிருந்தால் தேவை. மாறவில்லை என்றால் நான் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷண்ட்' (2018) நாவலில் அவை தேவை. ஸ்டெல்லா ஆட்டிசம் உள்ள பொருளியல் வல்லுநர், தொடுதலே அவளுக்குச் சிரமம். ஆகவே ஒவ்வொரு நெருக்கமும் அவள் ஒருவனை எவ்வளவு நம்புகிறாள் என்பதன் அளவு. ஹோவாங்கும் ஆட்டிசம் உள்ளவர். அந்தப் பெண்ணைப் பரிதாபத்துக்குரியவளாக அவர் ஒரு வரியில்கூட எழுதவில்லை.

'தி லவ் ஹைபாதிஸிஸ்' ரசிகர் புனைவிலிருந்து வந்ததாமே?

ஆமாம், 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்களை வைத்து எழுதிய கதையாகத்தான் முதலில் இருந்தது. அதனால் ஒரு குறையும் இல்லை. ஆலி ஹேசல்வுட் நரம்பியல் விஞ்ஞானி. ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவிகள் படும் பாடு அதில் உண்மையாக இருக்கிறது.

இந்தியப் பின்னணியில் நல்ல ஃபேண்டஸி உண்டா? இரண்டு பெண்களின் காதலாக இருந்தாலும் சரி.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021), நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது. உலக ஃபேண்டஸி விருது பெற்றது. பேரரசனான அண்ணனால் பாழடைந்த கோயிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, அங்கே பணிப்பெண்ணாக வரும் ப்ரியா. ப்ரியாவின் மண்ணை அடக்கி ஆள்வது மாலினியின் குடும்பம். ஒருத்திக்கு அரியணை வேண்டும், மற்றவளுக்கு அந்த அரியணையிடமிருந்து விடுதலை வேண்டும். இதைவிட நிஜமான தடையை நான் சமீபத்தில் படிக்கவில்லை. மூன்று பாகங்களும் வந்துவிட்டன, காத்திருக்க வேண்டாம்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவீர்களா?

விட்டுவிடுவேன்.

ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவள் நான். தமிழில் ஒரு ஃபேண்டஸி காதல் கதை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்க?

தயவுசெய்து எழுதுங்கள், இதைப் படிக்க எத்தனையோ பேர் காத்திருக்கிறோம். வரைபடம், அரச வம்சம், மந்திரச் சொற்கள் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். முதலில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு மிகவும் வேண்டியது மற்றவருக்கு எதை இழக்க வைக்கும் என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் அந்த இழப்பை உண்டாக்கும்படி மந்திரத்தை அமையுங்கள். மந்திரத்துக்கு விலை இருக்க வேண்டும், அந்த விலையைக் காதலர்களில் ஒருவராவது கதைக்குள்ளேயே கொடுக்க வேண்டும். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.